காடு எங்கள் அனுபவத்தில் இருக்கிறது

ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதை இன்னொருவர் எழுத்தில் எடுத்தால், எழுதியதைச் சொன்னவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். சரிதான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். வாங்கிய பின் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. வருவாய்த் துறையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி இது. நான் வேலையில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ விதிகளைத் திருத்தினார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. பெரும்பாலும் யாரும் பின்பற்றாததால் திருத்தவேண்டிய அவசியம் வரவில்லை.

1996 நவம்பரில் மைசூரில் நடந்த மூன்று நாள் கூட்டத்துக்கும் இந்த விதி பொருந்தியிருக்க வேண்டும். கூட்டத்தின் பெயர் 'சமூகத்திலும் சூழலிலும் நியாயமான மாற்றத்துக்கான வழிகள்: ஒரு விவாதம்'. என்னை அழைத்ததற்குக் காரணம், ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் கடிதப் பகுதியில் மரத்தின் பலனை மட்டும் எடுக்க உரிமை தரும் மரப்பட்டா பற்றி நான் எழுதிய நான்கு வரித் திருத்தம். ஓய்வு பெற்ற வட்டாட்சியர் ஒருவர் வீட்டில் சும்மா இருக்கிறார் என்பது அந்த நான்கு வரியிலேயே தெரிந்திருக்கும். 'பார்வையாளராக' வரும்படி எழுதியிருந்தார்கள். பார்வையாளர் என்றால் சாப்பிடலாம், கேட்கலாம், பேசக் கூடாது. அந்த வரையறை எனக்குத் தெரிந்தே இருந்தது.

மைசூரில் இறங்கிய காலையிலேயே தப்பான பஸ்ஸில் ஏறினேன். நகரப் பேருந்துகளில் எண்ணைக் கன்னட எண்களில்தான் எழுதியிருக்கிறார்கள். கன்னட ஆறும் கன்னட ஏழும் உடன்பிறந்தவை போலிருக்கின்றன. வளைவு எந்தப் பக்கம் என்பதில்தான் வித்தியாசம். சாமுண்டி மலை அடிவாரத்துக்குப் போகவேண்டியவள், அதற்கு நேர் எதிர்த் திசையில், பாதி கட்டிய வீடுகள் நிறைந்த ஒரு விரிவாக்கப் பகுதியில் போய் இறங்கினேன். நடத்துநர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் மொழிபெயர்த்தார்: "எழுதப் படிக்கத் தெரியாதவங்க முதல்லயே கேட்டிருக்கணுமாம்." எம்.ஏ. படித்த பிறகு ஒரு புதிய தகுதி கிடைத்தது.

அங்கிருந்து ஆட்டோ. ஏறியதும் ஓட்டுநர் மீட்டரைத் திருப்பினார். நம் பக்கத்தில் மீட்டர் என்பது ஆட்டோவின் உடலில் பயனில்லாமல் தொங்கும் ஓர் உறுப்பு. அது வேலை செய்வதைப் பார்த்ததும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தமிழ்நாடா அம்மா? தண்ணீர் கேட்க வந்தீங்களா?" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"இல்லை. விவாதம் பண்ண வந்தேன்."

"அப்போ அதேதான்" என்று சொல்லிவிட்டு, வழி நெடுகத் தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பயிற்சி மையம் தைல மரங்களுக்கு நடுவில் இருந்தது. இயற்கை பற்றிப் பேசுகிற இடங்களில் தைல மரம் நிற்பது ஏனோ தவறுவதில்லை. வரவேற்பு மேசையில் அமைப்பாளர் சிவண்ணா பெயர்ப் பட்டியலோடு போராடிக்கொண்டிருந்தார். கதர் ஜிப்பா, மூன்று நாள் தாடி, எல்லோரிடமும் பணிவு. அறைகளை மொழிவாரியாகப் பிரித்திருந்தார். அதனால் தமிழ் பேசும் இருவர் ஒரே அறைக்கு வந்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி மாதம்மா.

மாதம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஹனூரைத் தாண்டிக் காட்டோரத்தில் ஊர். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு படித்தது கன்னடம். ஆகையால் அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நான் உள்ளே போனபோது கட்டிலில் உட்காராமல் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா."

"நான் டீச்சர் இல்லை. தாசில்தாராக இருந்தேன்."

"அப்டிங்களா டீச்சரம்மா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அந்த மூன்று நாளும் நான் டீச்சரம்மாதான்.

மடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். கன்னடத்தில் அச்சிட்ட அறிவிப்பு. அவள் ஊரை ஒட்டிய பகுதியைக் காப்புக்காடாக அறிவிக்கப் போகிறார்கள், எல்லைக்கல் நட்டாகிவிட்டது, அதற்குள் உரிமை உள்ளவர்கள் கொள்ளேகாலில் இருக்கும் விசாரணை அதிகாரியிடம் மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டும். இதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். அவளுடைய ராகி நிலம் ஒன்றரை ஏக்கரும், அதன் வரப்பில் நிற்கும் மூன்று புளிய மரங்களும் கல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. பட்டா கிடையாது.

"இந்த மைசூர்க் கூட்டத்துல எல்லாத்தையும் எழுதி அந்த ஆபீசருக்கு அனுப்பறாங்கன்னு சிவண்ணா சொன்னாருங்க. அதுக்குத்தான் வந்தேன். இல்லாட்டி ராகி அறுப்பு நேரத்துல யாரு வருவா?"

முதல் நாள் முழுவதும் 'நியாயமான' என்ற சொல்லைப் பற்றிப் பேசினார்கள். டெல்லியிலிருந்து வந்த பேராசிரியர், வளர்ச்சி என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும் என்றார். பெங்களூர்ப் பொருளாதாரக்காரர், வளர்ந்து முடித்தவர்கள் வளராதவர்களுக்கு இதைச் சொல்வதுதான் அநியாயம் என்றார். முதலில் பகிர்வோம், பிறகு காப்போம் என்றது ஒரு கட்சி. காக்காவிட்டால் பகிர என்ன இருக்கும் என்றது மறுகட்சி. இரண்டும் சரி. இரண்டும் சரியாக இருக்கும் வழக்கை விசாரிப்பதுதான் இருப்பதிலேயே அலுப்பான வேலை. என் முழங்கால் வலித்தது.

பேச்சையெல்லாம் வண்ண அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மஞ்சள் அட்டை மக்களின் அறிவு. ரோஜா நிற அட்டை கோரிக்கை. பச்சை அட்டை வழி. ரோஜா அட்டைகள் மட்டும் தொகுக்கப்பட்டு விசாரணை அதிகாரிக்குப் போகும், மற்றவை புத்தகமாகும். இதை சிவண்ணாவிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எந்தத் தாள் எந்தக் கோப்புக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

சோறும் இறங்கவில்லை, ஏனென்றால் அது இல்லை. மதியம் மரபு உணவு என்று ராகிக் களி உருண்டை போட்டார்கள். டெல்லிக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு, மெல்லாமல் விழுங்கவேண்டும் என்ற முறையை ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். மாதம்மா தட்டைப் பார்த்தாள்.

"இதைத் திங்கறதுக்கா மூணு பஸ்ஸு மாறி வந்தேனுங்க?"

சமையலறைப் பக்கம் போய் விசாரித்தேன். சமையல்காரர்களுக்காக வடித்த சோறு இருந்தது. இருவரும் அங்கேயே நின்று, வெல்லம் போட்ட சாம்பாரோடு சாப்பிட்டோம். "குழம்புல எதுக்குங்க பாயசத்தை ஊத்தறாங்க?" என்று அவள் கேட்டாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேநீர் வேளையில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் மாதம்மாவிடம் ஆவலோடு ஏதோ கேட்டார். அந்தப் பக்கத்துக் காட்டின் பெயரைச் சொன்னால் அப்போது எல்லோரும் கேட்கும் ஒரே கேள்விதான். காட்டில் ஒளிந்திருக்கும் அந்த ஆளை நீங்கள் பார்த்ததுண்டா?

"நான் ஃபாரஸ்ட் கார்டைத்தானுங்க பாத்திருக்கறேன்" என்றாள் மாதம்மா. "அவரு என்னத்துக்கு ஒளியறாரு, வாரம் ரெண்டு தடவை வர்றாரு."

இரண்டாம் நாள் காலை வெளியே போய், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் மசாலா தோசை சாப்பிட்டேன். உள்ளே சிவப்புச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் உருண்டை வைத்து வந்தது. அந்தப் பயணத்தில் விவாதத்துக்கு இடமில்லாத ஒரே பொருள் அதுதான்.

திரும்பி வந்தபோது மக்கள் வாக்குமூலம் என்ற அமர்வு தொடங்கியிருந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஷைலா என்ற பெண். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். தாத்தா ரயில்வே வேலைக்காக வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், படிப்பு ஆங்கிலம். முந்தைய நாள் என்னிடம், "ஸ்வல்ப நகர்ந்து உக்காருங்க மேடம்" என்றவள், அரை மணியில் என்னை ஆன்ட்டி ஆக்கிவிட்டாள். கெட்டிக்காரி. நல்ல குரல்.

மாதம்மா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமனாரு காலத்திலிருந்து அந்தக் காடு எங்க அனுபவத்துலதானுங்க இருக்குது. இப்பக் கல்லு நட்டுப்போட்டாங்க. இதை எழுதிக்கோணும்."

அந்த வாக்கியத்தின் அழகு ஷைலாவைப் பிடித்துக்கொண்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அதைத் தமிழில் திருப்பிச் சொன்னால் இப்படி வரும்: "எங்கள் முன்னோர் காலந்தொட்டு அந்த வனம் எங்கள் அனுபவத்தில் வாழ்கிறது. இன்று அங்கே கற்களை நட்டுவிட்டார்கள்."

டெல்லிப் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். வெளிநாட்டுப் பெண் நோட்டில் வேகமாக எழுதினார். யாரோ மெல்லக் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். மாதம்மா, தன் மனுவை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

கொங்குப் பக்கத்தில் காடு என்றால் மேட்டு நிலம், மானாவாரி வெள்ளாமை நிலம். 'காட்டுக்குப் போறேன்' என்றால் களை எடுக்கப் போகிறார்கள். தாராபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதை வனம் என்று எழுதி, மேலிடத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்த அறிக்கை ஒன்று உண்டு. அனுபவம் என்பதற்கு நிலப் பதிவேட்டில் ஒரே பொருள்தான்: நிலத்தைக் கையில் வைத்து, உழுது, பலன் எடுத்துக்கொண்டிருப்பது. அனுபவத்தில் இருக்கிறது என்றால் சுவாதீனத்தில் இருக்கிறது. பட்டா இல்லாதவர்களின் ஒரே சாட்சி அந்தச் சொல்.

'எங்கள் ராகி நிலம் எங்கள் கையில் இருக்கிறது' என்றாள் அவள். அது வனம் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆயிற்று. காப்புக்காடு விசாரணையில் இதைவிட மோசமான வாக்குமூலத்தை எதிராளி பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

கை தூக்கினேன். பார்வையாளர்கள் கருத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடலாம் என்றார் நெறியாளர். எழுதினேன். போட்டேன். பெட்டியை எப்போது திறப்பீர்கள் என்று பிறகு சிவண்ணாவைக் கேட்டபோது, சாவி போன கூட்டத்திலேயே தொலைந்துவிட்டது என்றார். "டென்ஷன் மாட்பேடி மேடம்" என்று, பதற வேண்டாமெனச் சமாதானமும் சொன்னார்.

மதியத்துக்குள் வாக்கியம் மஞ்சள் அட்டையில் ஏறிவிட்டது. மாலைக்குள் பெரிய எழுத்தில் எழுதி மேடைக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். 'வனம் அனுபவத்தில் வாழ்கிறது' என்பதை வைத்துப் பொருளாதாரக்காரரும் பேராசிரியரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். அது வேறு எனக்குக் கவலையாக இருந்தது.

மாலையில் ஷைலாவைத் தைல மரத்தடியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"காடுன்னா நிலமா? எனக்கு இது கொத்தே இல்ல ஆன்ட்டி" என்றாள். அவள் வீட்டுத் தமிழில் தெரியாது என்பதற்கு அதுதான் சொல். "அனுபவம்னா அனுபவம்தானே? கன்னடத்துலயும் அதேதானே?"

"ரெண்டு மொழியிலும் அதே சொல்தான். அதுதான் சிக்கல்."

அவள் அரங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "என்னை இந்த வேலைக்கு வெச்சதே என் டமில் நல்லா இருக்குன்னுதான்" என்றாள். "இப்ப எல்லார் முன்னாடியும் எழுந்து தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணுமா?"

"நான் சொல்ல முடியாது. எனக்குப் பேசும் உரிமை கிடையாது. மாதம்மாவுக்கு உண்டு. அவள் கேட்பாள். நீ மொழிபெயர்க்க வேண்டும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் ஷைலா. அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை, விடுப்பு மறுத்த குமாஸ்தாக்களின் முகத்தில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை மாதம்மாவுக்கு அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். காடு என்று அவள் சொன்னது வனம் ஆகிவிட்டது என்றேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

"வனத்துல எவனாச்சும் ராகி விதைப்பானுங்களா? மூணு நாளா அத்தனை படிச்சவங்க இருக்காங்களே, ஒருத்தருக்குக்கூடவா தோணலை?"

அறிக்கையை நிறைவேற்றும் அமர்வில் அவள் எழுந்தாள். "நான் சொன்னதை எப்படி எழுதியிருக்கீங்கன்னு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றாள்.

ஷைலா ஒலிவாங்கியை வாங்கினாள். முதலில் கன்னடத்தில் சொன்னாள். அந்த மொழியில் அவளுக்கு வெட்கம் குறைவு போலிருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில்: இவர் சொன்னது வனம் இல்லை, சாகுபடி நிலம். அனுபவம் இல்லை, சுவாதீனம். தவறு என்னுடையது.

நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். டெல்லிக்காரர்களுக்கு ரயில் இருந்தது. பேராசிரியர் கனிவான மனிதர்; உண்மையிலேயே வருத்தத்தோடு பேசினார். சுவாதீனம், உடைமை என்ற சொற்கள்தான் பூமியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன, அந்த அம்மாள் அறியாமலே சொன்ன சொல் அவற்றைத் தாண்டிச் செல்கிறது, நாம் அதை மறுபடி உடைமைக்குள் இழுத்துவர வேண்டுமா என்றார். ஷைலா அதை மாதம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

மாதம்மா யோசித்தாள். "அவரு எங்கீங்க குடியிருக்காரு?"

டெல்லியில், பல்கலைக்கழக வளாகத்தில் என்று பதில் வந்தது.

"சொந்த வீடுங்களா?"

சர்க்கார் வீடு என்றார்கள்.

"அப்ப அவருக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. எனக்கும் எழுதிக் கொடுத்துப்போட்டா, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து தாண்டிப் போலாமுங்க."

அரங்கம் மறுபடி கை தட்டியது. என் கண் முன்னாலேயே ஒரு தன்னார்வலர் அதை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

திருத்தத்தை எழுத்து மூலம் கொடுத்தால் கட்டாயம் கவனிக்கப்படும் என்று நெறியாளர் முடித்துவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து நான் எத்தனையோ ஆண்டுகள் சொல்லிவந்த வாக்கியம் அது. எதிர்ப் பக்கத்தில் நின்று கேட்கும்போதுதான் அதன் முழு அர்த்தமும் விளங்குகிறது.

பஸ் நிலையத்தில் மாதம்மாவின் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில், என் பெட்டியை மேசையாக்கிக்கொண்டு திருத்த மனுவை எழுதினேன். 'வனம்' என்ற இடத்தில் 'மானாவாரி நிலம்' என்று இருக்க வேண்டும். 'அனுபவம்' என்ற இடத்தில், ஆங்கிலத்தில் வருவாய்த் துறை வழங்கும் சரியான சொல் இருக்க வேண்டும். அந்தச் சொல் 'என்ஜாய்மென்ட்'. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிலத்தின் பலனை எடுப்பதற்கு அதுதான் பெயர். தமிழில் வாசித்துக் காட்டினேன். மாதம்மா தலையாட்டி, கன்னட எழுத்தில் தன் பெயரை ஒவ்வொரு கோடாக வரைந்தாள். எதிரே நின்ற பயணி ஒருவர் மனைவியிடம், "ஜீவனாம்ச வழக்கு போல" என்று தமிழில் சொன்னது காதில் விழுந்தது.

"வர்றேனுங்க டீச்சரம்மா. நீங்க பாத்துக்குவீங்க" என்று பஸ் ஏறினாள். நான் ஊர் திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் பஸ் மாறி, ஒரு இடத்தில் குடையைத் தொலைத்தேன். மறுநாள் மனுவைக் கூட்டம் நடத்திய அமைப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அனுப்பிய ரசீதைக் கோப்பில் ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. மைசூர்க் கூட்டத்தின் குறிப்பு திருந்தினால் என்ன, திருந்தாவிட்டால் என்ன? உரிமை கோருபவர் அதிகாரி முன்னால் நேரில் போய் வாயால் சொன்னாலே போதும். அவர் எழுதிக்கொள்ள வேண்டும். மனு வேண்டாம், கூட்டம் வேண்டாம், அட்டையும் வேண்டாம். இது எனக்குத் தெரியாத முறை இல்லை. நான்கு ஊர்களில் நானே செய்த வேலை. மனு வாங்குகிற நாற்காலியிலேயே காலம் முழுக்க உட்கார்ந்தவளுக்கு, மனு கொடுப்பவர் நேராக நடந்து போகலாம் என்பது கடைசியாகத்தான் தோன்றியது. மாத முடிவுக்கு ஆறு நாள் இருந்தது.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஷைலாவின் கல்லூரிக்குப் பேசினேன். மாதம்மாவுக்குத் தமிழில் எழுதினால் படிக்கத் தெரியாது, கன்னடத்தில் எழுத எனக்குத் தெரியாது, அவளை யாராவது கொள்ளேகாலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றேன்.

"நானா? எனக்கு எக்ஸாம் டியூட்டி இருக்கு ஆன்ட்டி."

கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"பார்க்கறேன்" என்றாள் ஷைலா. இணைப்பு அறுந்து போயிற்று.

அதற்குப் பின் எதுவும் வரவில்லை. ஷைலாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, 'முகவரியாளர் இங்கு இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. தற்காலிக விரிவுரையாளர்களுக்கு வருட முடிவில் நடப்பது அவளுக்கும் நடந்திருக்க வேண்டும். அமைப்புக்கு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. சிவண்ணாவை ஒருமுறை தொலைபேசியில் பிடித்தேன். ரோஜா அட்டைகள் அதிகாரிக்குப் போய்விட்டன என்றார். மாதம்மாவின் அட்டை மஞ்சள் அல்லவா என்றேன். "ஆமாம் மேடம், அதனால்தான் அது புத்தகத்தில் வருகிறது" என்றார், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் புத்தகம் வந்தது. கூடவே கடிதம் எதுவும் இல்லை. கெட்டி அட்டை, கைசெய் காகிதம், அட்டைப்படத்தில் தைல மரம். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பில் மாதம்மாவின் வாக்கியம் இருந்தது. என் திருத்தத்தை ஏற்றிருந்தார்கள், பாதியை. வனம் வனமாகவே இருந்தது. 'அனுபவம்' இருந்த இடத்தில் மட்டும் நான் கேட்ட சொல்லைப் போட்டு, அதற்கு ஏற்ப வாக்கியத்தைச் செப்பனிட்டிருந்தார்கள். புத்தகத்தின் ஆங்கிலத்தைத் தமிழாக்கினால், மாதம்மா சொன்னது: "எங்கள் வனத்தில் நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆனந்தமாக இருக்கிறோம்."

நான்காம் நினைவூட்டு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

பிறகு ஒரு நாள் துமகூரு அஞ்சல் முத்திரையோடு பழுப்பு உறை ஒன்று வந்தது. உள்ளே ஷைலாவின் கடிதம், பல வருடமாகத் தமிழ் எழுதாத கையெழுத்தில். கல்லூரி வேலை போய்விட்டது. கல்யாணமாகித் துமகூரில் இருக்கிறாள். நான் பேசிய அந்த வாரம் தேர்வுப் பணிக்குப் போகாமல் மாதம்மாவை அழைத்துக்கொண்டு கொள்ளேகால் போயிருக்கிறாள். வேலை போனதற்கு அதுதான் காரணமா என்று அவள் எழுதவில்லை. நானும் ஊகிக்க விரும்பவில்லை. மாத முடிவுக்கு முந்தைய நாள் கோரிக்கை பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு விசாரணைக்கு இரண்டு முறை தேதி போட்டு, இரண்டு முறை ஒத்திவைத்து, கடைசியில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதன் நகலை மாதம்மா ஒரு பஸ் நடத்துநர் மூலம் மைசூருக்கு அனுப்ப, ஷைலாவின் அப்பா அதைத் துமகூருக்கு அனுப்பியிருக்கிறார்.

நகலோடு தமிழாக்கமும் இருந்தது. சொல்லுக்குச் சொல், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கன்னடச் சொல்லையும் பக்கத்தில் எழுதி. மூன்று புளிய மரங்களின் மகசூலை எடுக்கும் உரிமை மனுதாரருக்கு அனுமதிக்கப்படுகிறது. ஒன்றரை ஏக்கர் நிலத்தின் மீதான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம்: மைசூரில் நடந்த கூட்டத்தின் அச்சிட்ட அறிக்கை சாட்சியமாகத் தாக்கல் செய்யப்பட்டது, அதில் மனுதாரரே மேற்படி இடத்தை வனம் என்று குறிப்பிட்டு, அங்கே ஆனந்தமாக இருப்பதாகவும் கூறியுள்ளார்.

கடைசி வரி ஷைலாவுடையது. "மேல்முறையீடு பண்ண டைம் இருக்காம் ஆன்ட்டி. யார்கிட்ட, எப்படின்னு எனக்கு கொத்தில்ல. மாதம்மா உங்களைத்தான் கேட்கச் சொன்னாங்க. இந்த வருஷமும் ராகி போட்டிருக்காங்க."

யாரிடம், எப்படி என்பது எனக்குத் தெரியும். உத்தரவு தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். கெடு முடிவது அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பயணப் பெட்டியில் வைத்தேன். அதற்கு முன், பழக்கம் காரணமாக, உறையின் மூலையில் பெற்ற தேதியைக் குறித்தேன்: 9.3.1998, திங்கட்கிழமை.